காதில் தொடங்கும் ஞானம்

(தொலைக்காட்சிக் கருத்து மன்றத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



'சொல்லிலும் செயலிலும் ஞானம் தேடுவது எப்படி? விவிலியம் என்ன சொல்கிறது?' என்பது இன்றைய மன்றத்தில் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு. கிறிஸ்துவர்கள் மட்டுமல்லாது எல்லாச் சமயத்தவரும் இந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறீர்கள். ஆகவே, எல்லாருக்கும் பொதுவான ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன்.

ஒரே ஒரு பதிலால் ஒரு நாடு இரண்டாக உடையுமா?

உடைந்திருக்கிறது. சுமார் 2,950 ஆண்டுகளுக்கு முன்னர், இஸ்ரவேல் நாட்டில் ஓர் அரசன் மக்களுக்குச் சொன்ன ஒரு கடுமையான பதிலால், பன்னிரண்டு கோத்திரங்களில் பத்து அவனை விட்டுப் பிரிந்து போயின. அந்த அரசன் யார் தெரியுமா? ஞானத்திற்கே பெயர் பெற்ற சாலொமோன் அரசரின் மகன். ஞானியின் வீட்டிலேயே ஞானம் எப்படித் தொலைந்தது? அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில், ஞானம் என்று விவிலியம் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம்.

ஞானம் என்பது கைத்திறன்

நம்மில் பலர் ஞானம் என்றால் நிறைய படித்திருப்பது என்று நினைக்கிறோம். சிலர் அதை முனிவர்களுக்கும் துறவிகளுக்கும் உரியது என்று ஒதுக்கி வைத்துவிடுகிறோம். ஆனால் விவிலியத்தின் பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேய மொழியில் ஞானத்தைக் குறிக்கும் சொல் 'ஹொக்மா'. இந்தச் சொல் அரசர்களுக்கும் அறிஞர்களுக்கும் மட்டும் உரியதாக அங்கே வரவில்லை. ஆசரிப்புக் கூடாரத்தைக் கட்டுவதற்குப் பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்த பெசலெயேல் என்ற கைவினைஞனுக்கும் இதே 'ஹொக்மா' அருளப்பட்டது என்று யாத்திராகமம் கூறுகிறது. புயலில் சிக்கிய கப்பலோட்டிகளின் திறமையைச் சொல்லும்போது சங்கீதமும் இந்தச் சொல்லையே எடுத்தாள்கிறது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? தச்சன் மரத்தின் நீரோட்டத்தை அறிந்து உளி பிடிக்கிறான். மாலுமி காற்றின் போக்கை அறிந்து பாய் விரிக்கிறான். அதுபோல மனிதர்களோடு வாழும் வாழ்க்கையை அறிந்து பேசுவதும் நடப்பதும் ஒரு திறன். பழகினால் வரும், பழகாவிட்டால் துருப்பிடிக்கும். படிப்பு அதிகம் இல்லாத ஒரு பாட்டியிடம் அது இருக்கலாம். இரண்டு பட்டம் பெற்றவரிடம் அது இல்லாமலும் போகலாம்.

சரி, அந்தத் திறனைப் பழக எங்கே தொடங்குவது? வாயில் தொடங்க வேண்டும் என்று நாம் நினைப்போம். விவிலியம் காதில் தொடங்கச் சொல்கிறது.

சாலொமோன் கேட்ட வரம்

சாலொமோன் அரசராகிச் சில காலத்தில், கிபியோன் என்ற இடத்தில் கனவு ஒன்று கண்டார். அக்கனவில் கடவுள் தோன்றி, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். சாலொமோன் நீண்ட ஆயுளைக் கேட்கவில்லை. செல்வத்தைக் கேட்கவில்லை. பகைவர்களின் உயிரையும் கேட்கவில்லை. மக்களுக்கு நியாயம் தீர்க்கும் உள்ளத்தைக் கேட்டார். தமிழில் அதை 'ஞானமுள்ள இருதயம்' என்று பொதுவாகப் புரிந்துகொள்கிறோம். எபிரேய மூலத்தில் இருப்பதை அப்படியே சொன்னால், அது 'கேட்கும் இருதயம்'.

கேட்கும் இருதயம்! எவ்வளவு அருமையான வரம் பாருங்கள்.

அந்த வரம் எப்படி வேலை செய்தது என்பதை அடுத்த நிகழ்ச்சியே காட்டுகிறது. ஒரே வீட்டில் வாழ்ந்த இரண்டு பெண்கள், உயிரோடிருக்கும் ஒரு குழந்தைக்காக வழக்காட வந்தார்கள். சாட்சிகள் யாரும் இல்லை. குழந்தையை வெட்டிப் பங்கு போடச் சொன்ன அந்தத் தீர்ப்பு நம் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் வாள் கொண்டுவரச் சொல்வதற்கு முன்னர் சாலொமோன் செய்த ஒரு சிறு காரியத்தை நாம் கவனிப்பதில்லை. இவள் இன்னபடி சொல்கிறாள், அவள் இன்னபடி சொல்கிறாள் என்று இருவருடைய வாதத்தையும் அவர் தம் வாயால் திருப்பிச் சொன்னார். இரு தரப்பையும் காதில் வாங்கிக்கொண்டேன் என்பதற்கு அதுதான் அடையாளம். வாளைக் காட்டிய பின்பும் அவர் மறுபடி கேட்கத்தான் செய்தார். குழந்தை பிழைத்தால் போதும், அவளிடமே கொடுத்துவிடுங்கள் என்று கதறிய குரலில் தாயை அடையாளம் கண்டார்.

நீதிமொழிகள் நூலும் இதையே வலியுறுத்துகிறது. காரியத்தைக் கேட்டு முடிக்கும் முன்னே பதில் சொல்வது அறிவீனம், அது வெட்கக்கேடு என்கிறது. வழக்கில் முதலில் பேசுகிறவன் நியாயவான் போலத்தான் தெரிவான். அடுத்தவன் வந்து விசாரிக்கும்போதுதான் உண்மை விளங்கும் என்றும் எச்சரிக்கிறது. நம் குடும்பத் தகராறுகளை எண்ணிப் பாருங்கள். தங்கை தொலைபேசியில் அழுதால், அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறோமா இல்லையா?

மூன்று நாள் அவகாசம்

இப்போது அந்த மகனின் கதைக்கு வருவோம். அவர் பெயர் ரெகொபெயாம். சாலொமோன் மறைந்த பிறகு, அவரை அரசராக்குவதற்காக மக்கள் சீகேம் என்ற ஊரில் கூடினார்கள். அவர்கள் கலகம் செய்ய வரவில்லை. ஒரு குறையைச் சொல்ல வந்தார்கள். உங்கள் தந்தை எங்கள் மேல் வைத்த நுகம் பாரமாக இருக்கிறது. அதைக் கொஞ்சம் குறையுங்கள், உங்களுக்குப் பணிந்திருப்போம் என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. சாலொமோன் ஆலயத்தை 7 ஆண்டுகளிலும் தம் அரண்மனையை 13 ஆண்டுகளிலும் கட்டினார். அந்த ஆலயப் பணிக்காக 30,000 பேரைக் கட்டாய வேலைக்குப் பிடித்து, மாதத்திற்கு 10,000 பேராக லீபனோனுக்கு அனுப்பினார் என்று இராஜாக்கள் புத்தகமே கணக்குச் சொல்கிறது. 3,000 நீதிமொழிகளைச் சொன்ன வாய் அவருடையது. ஆனால் கேட்கும் இருதயத்தை வரமாகப் பெற்றவரின் காதில், சுமை தூக்கியவர்களின் பெருமூச்சு கடைசிக் காலத்தில் விழவில்லை. சொல்லில் இருந்த ஞானம் செயலில் குறைந்தது. அந்தக் கடன் மகன் தலையில் வந்து விழுந்தது.

ரெகொபெயாம் உடனே பதில் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து வாருங்கள் என்றார். நல்ல காரியம்தான். தம் தந்தையிடம் பணியாற்றிய முதியவர்களைக் கூப்பிட்டு ஆலோசனையும் கேட்டார். இன்று நீங்கள் இம்மக்களுக்குப் பணிவிடை செய்து, நல்ல வார்த்தை பேசினால், இவர்கள் என்றைக்கும் உங்களுக்குப் பணிந்திருப்பார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. தம்முடன் வளர்ந்தவர்களைக் கேட்டார். விட்டுக்கொடுக்காதீர்கள், இன்னும் அழுத்துங்கள் என்றார்கள் அவர்கள். 'இளைஞர்கள்' என்று அவர்களைக் குறிப்பிடும் அதே புத்தகம், அரசராகும்போது ரெகொபெயாமுக்கு வயது 41 என்றும் சொல்கிறது! வயது மட்டும் ஞானத்தைக் கொண்டுவந்துவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மூன்றாம் நாள் மக்கள் வந்தார்கள். என் தந்தை உங்களைச் சவுக்கினால் அடித்தார், நானோ தேள்களைக் கொண்டு தண்டிப்பேன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அவ்வளவுதான். எங்களுக்கும் தாவீதின் வீட்டுக்கும் இனி என்ன உறவு என்று சொல்லிவிட்டு மக்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அதோடு நின்றாரா? அடுத்து அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். கோபத்தில் இருக்கும் அந்த மக்களிடம் அதோராம் என்ற அதிகாரியை அனுப்பினார். அதோராம் கட்டாய வேலைக்குப் பொறுப்பாளர்! எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல் ஆயிற்று. மக்கள் அவரைக் கல்லெறிந்து கொன்றார்கள். ரெகொபெயாம் இரதத்தில் ஏறி எருசலேமுக்குத் தப்பி ஓடினார்.

பிரிந்தது பிரிந்ததுதான். வட நாடு சுமார் 200 ஆண்டுகளுக்குப் பின், கி.மு. 722 வாக்கில் அசீரியர்களிடம் வீழ்ந்தது. தென் நாடு கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர்களிடம் வீழ்ந்தது. அந்த ஒரு பதில் மட்டுமே இத்தனைக்கும் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒட்டவைத்திருக்கக்கூடிய ஓர் உறவு, அந்த மூன்றாம் நாளில் அறுந்து போனது.

நீதிமொழிகள் நூலின் முதல் அதிகாரங்களில் 'என் மகனே' என்ற அழைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. அந்த நூல் சாலொமோன் பெயரில் வழங்குகிறது. சாந்தமான பதில் கோபத்தைத் தணிக்கும், கடுஞ்சொல் அதைக் கிளப்பிவிடும் என்ற அறிவுரையும் அதில்தான் இருக்கிறது. அவருடைய சொந்த மகன் அதைக் கேட்கவில்லை. ஆலோசனை கேட்பது வேறு, காது கொடுப்பது வேறு. நம் மனத்தில் ஏற்கனவே இருக்கும் பதிலை யாராவது சொல்லும் வரை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போவதற்குப் பெயர் ஆலோசனை இல்லை.

ஒரு வீட்டைக் காத்த பெண்

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் விவிலியத்தில் உண்டு. அதன் நாயகி ஓர் அரசி அல்லர், குடும்பப் பெண். அவர் பெயர் அபிகாயில்.

அவருடைய கணவன் நாபால் பெரும் பணக்காரன். 3,000 ஆடுகளும் 1,000 வெள்ளாடுகளும் அவனுக்கு இருந்தன. தாவீது அப்போது அரசராகவில்லை. காடுகளில் தலைமறைவாக வாழ்ந்தார். நாபாலின் மேய்ப்பர்களுக்கு அவருடைய ஆட்கள் பாதுகாப்பாக இருந்தார்கள். மயிர் கத்தரிக்கும் விருந்து நாளில் தாவீது பத்துப் பேரை அனுப்பி, பணிவாக உணவு கேட்டார். தாவீது யார்? எசமானை விட்டு ஓடிப்போகிற வேலைக்காரர்கள் இந்தக் காலத்தில் பெருகிவிட்டார்கள் என்று நாபால் அவமானப்படுத்தி அனுப்பினான். தாவீது கொதித்துப் போனார். 400 பேரோடு வாளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். விடிவதற்குள் அந்த வீட்டில் ஓர் ஆண்மகனும் மிஞ்சக் கூடாது என்பது அவருடைய சபதம்.

ஆபத்தைப் புரிந்துகொண்ட ஒரு வேலைக்காரன் அபிகாயிலிடம் ஓடி வந்தான். எசமானிடம் யாருமே பேச முடியாது என்று அவன் சொன்னான். மூடன் யார் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இருக்க முடியுமா? யாரிடம் எவரும் எதையும் சொல்ல முடியாதோ, அவனே மூடன். அபிகாயிலோ ஒரு வேலைக்காரன் சொன்னதைக் கேட்டார். உடனே எழுந்தார். 200 அப்பங்கள், 100 திராட்சை வற்றல் குலைகள், 200 அத்திப்பழ அடைகள், சமைத்த ஐந்து ஆடுகள், இன்னும் பலவற்றைக் கழுதைகளின் மேல் ஏற்றி முன்னே அனுப்பிவிட்டுப் பின்னே போனார். பசித்தவனிடம் பேசுவதற்கு முன் சோறு போய்ச் சேர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தாவீதைக் கண்டதும் கீழே இறங்கி வணங்கினார். பழியைத் தம் மேல் போட்டுக்கொண்டார். பிறகு, ஒரு நாள் நீங்கள் அரசராவீர்கள். அந்த நாளில், வீணாக இரத்தம் சிந்தினோமே என்ற மன உறுத்தல் உங்களுக்கு இருக்கக் கூடாது என்று எடுத்துச் சொன்னார். அச்சுறுத்தவில்லை, கெஞ்சி அழவும் இல்லை. தாவீதின் கோபத்திற்குள் இருந்த நல்ல மனிதரோடு பேசினார். தாவீதின் வாள் உறைக்குள் போயிற்று. இரத்தப்பழியிலிருந்து என்னைத் தடுத்தாயே என்று அவர் அந்தப் பெண்ணை வாழ்த்தினார்.

கதை அங்கே முடியவில்லை. அபிகாயில் வீடு திரும்பியபோது நாபால் நன்றாகக் குடித்துவிட்டு விருந்தில் இருந்தான். இங்கே நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன், நீ கும்மாளம் போடுகிறாயா என்று கேட்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் பொழுது விடியும் வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலையில், போதை தெளிந்த பிறகே எல்லாவற்றையும் சொன்னார். எதைச் சொல்வது என்பது பாதி ஞானம். எப்போது சொல்வது என்பது மறு பாதி.

நேரம் அறிந்த சொல்

நேரம் என்று சொன்னேன். நீதிமொழிகளில் ஒரு வேடிக்கை உண்டு. 26ஆம் அதிகாரத்தில், மூடனுக்கு அவன் பாணியில் பதில் சொல்லாதே, நீயும் அவனைப் போலாவாய் என்று ஒரு வசனம் சொல்கிறது. அடுத்த வசனமோ, அவனுக்குப் பதில் சொல், இல்லாவிட்டால் அவன் தன்னை அறிவாளி என்று எண்ணிக்கொள்வான் என்கிறது. முரண்பாடு போலத் தெரிகிறதல்லவா? இது நம்மைச் சிந்திக்க வைப்பதற்குத்தான். எந்த இடத்தில் எது பொருந்தும் என்பதை நாம்தான் கண்டறிய வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிப்பீர்கள். அதிகாலையில் எழுந்து உரத்த குரலில் அயலானை வாழ்த்தினால், அது சாபமாகவே எண்ணப்படும் என்கிறது அந்த நூல். விடியற்காலை ஐந்து மணிக்குப் புலனக் குழுவில் பத்து வாழ்த்துப் படங்களை அனுப்பும் அன்பர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்கலாம்!

அயலானை ஏமாற்றிவிட்டு, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்பவனை, கொள்ளியையும் அம்பையும் எறிகிற பைத்தியக்காரனுக்கு அது ஒப்பிடுகிறது. கடவுள் வெறுக்கும் ஏழு காரியங்களை ஓரிடத்தில் பட்டியலிடுகிறது. அந்த ஏழில் பொய் நாவு, பொய்ச் சாட்சி, சகோதரர்களுக்குள் சண்டை மூட்டுதல் ஆகிய மூன்று நாவோடு தொடர்புடையவை. விறகு இல்லாவிட்டால் நெருப்பு அணைந்துவிடும், கோள் சொல்கிறவன் இல்லாவிட்டால் சண்டை அடங்கிவிடும் என்றும் சொல்கிறது. கோப்பிக் கடையில் காதில் விழுந்ததை வீட்டிற்குக் கொண்டுவராமல் அங்கேயே விட்டுவிட்டால், எத்தனை உறவுகள் பிழைக்கும்!

தமிழர்களாகிய நமக்கு இது புதிது இல்லை. திருக்குறளில் இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை என்று தனித்தனி அதிகாரங்களே இருக்கின்றன. இத்தாலியிலிருந்து வந்த கிறிஸ்துவப் பாதிரியாரான வீரமாமுனிவர், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார் என்பதையும் நாம் அறிவோம்.

பேச வேண்டிய இடம்

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் ஞானமா என்று சிலர் கேட்கலாம். இல்லை. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

யோபு தம் பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்து, உடலெங்கும் புண்ணோடு உட்கார்ந்திருந்தபோது மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வாயைத் திறந்தார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் துன்பம் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். முடிவில், நீங்கள் சரியானதைப் பேசவில்லை என்று கடவுளே அவர்களைக் கடிந்துகொண்டார். அவர்கள் செய்த மிகச் சிறந்த உதவி, அந்த ஏழு நாள் மௌனம்தான். துக்க வீட்டுக்குப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்தில், லேமுவேல் என்ற அரசனுக்கு அவன் தாய் அறிவுரை சொல்கிறாள். பேச முடியாதவர்களுக்காக நீ பேசு, ஏழைக்கு நியாயம் செய் என்கிறாள். உணவகத்தில் தட்டுக் கழுவும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு மாதச் சம்பளத்தில் காரணமின்றி 100 வெள்ளி பிடிக்கப்படுகிறது. அவருக்கு நம் மொழி தெரியாது. அங்கே நமக்கேன் வம்பு என்று மௌனமாக இருப்பது ஞானம் ஆகாது. நம்மைப் பற்றிய பேச்சில் நாவை அடக்க வேண்டும். நலிந்தவருக்காக அதை அவிழ்த்துவிட வேண்டும்.

கையில் மெய்ப்பட வேண்டும்

இறுதியாக, நடத்தை. கள்ளத் தராசைக் கடவுள் வெறுக்கிறார் என்று நீதிமொழிகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சொல்கிறது. நாவைப் பற்றி இவ்வளவு பேசும் நூல், கடைக்காரரின் எடைக்கல்லைப் பற்றியும் ஏன் பேசுகிறது? இனிக்க இனிக்கப் பேசிவிட்டு எடையைக் குறைத்துக் கொடுத்தால், அந்த இனிமையே பொய்யாகிவிடுகிறது.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபம் 5 அதிகாரங்களே கொண்ட சிறு கடிதம். அதன் மூன்றாம் அதிகாரம் முழுவதும் இதைப் பற்றியதுதான். குதிரையின் வாயில் போடும் சிறு கடிவாளம், பெரிய கப்பலைத் திருப்பும் சிறு சுக்கான், காட்டையே எரிக்கும் சிறு பொறி என்று நாவுக்கு மூன்று உவமைகளைச் சொல்கிறார் அவர். ஒரே வாயால் கடவுளைத் துதிப்பதும், அவர் சாயலில் படைக்கப்பட்ட மனிதரைச் சபிப்பதும் எப்படித் தகும் என்று கேட்கிறார். அதன் பிறகு, உங்களில் ஞானி யார் என்று கேட்டு, அவன் அதைத் தன் நல்ல நடத்தையால் காட்டட்டும் என்று முடிவு கட்டுகிறார். நன்றாகப் பேசுகிறவன் ஞானி என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஞானத்தை எங்கே தேடுவது? குறைவுள்ளவன் கடவுளிடம் கேட்கட்டும், அவர் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்கிறார் அதே யாக்கோபு. சாலொமோனும் கேட்டுத்தான் பெற்றார். ஆனால் பெற்றதைக் காக்க வேண்டியது நம் கையில் இருக்கிறது என்பதை அவருடைய பிற்காலமே காட்டுகிறது.

ஆகவே நேயர்களே, இந்த வாரம் மூன்றே மூன்று பயிற்சிகள். யாரைப் பற்றியாவது ஒரு குறை உங்கள் காதுக்கு வந்தால், மறு தரப்பைக் கேட்கும் வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள். கோபத்தில் ஒரு பதிலைத் தட்டச்சு செய்துவிட்டால், அபிகாயிலைப் போல விடியும் வரை பொறுத்திருங்கள். காலையில் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பலாமா என்று முடிவு செய்யுங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்பவரோ, உங்கள் வீட்டுப் பிள்ளையோ, சுமை அதிகமாக இருக்கிறது என்று சொல்ல வந்தால், சொல்லி முடிக்க விடுங்கள். பிறகு அந்தச் சுமையில் ஒரு பங்கையாவது உங்கள் கையால் இறக்கி வையுங்கள்.

சீகேமில் கூடிய மக்கள் அன்று கேட்டதும் அவ்வளவுதான்.